கதிரவன் உதிக்க எத்தனை வரி வேண்டும்?

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரையாவது பிடித்து நிறுத்தி, ஒரு கதைக்கு முதல் வரி சொல்லச் சொன்னால் அநேகமாகக் கதிரவன்தான் வருவான். வந்து தன் பொற்கரங்களை நீட்டுவான். புள்ளினங்கள் இன்னிசை பாடும், தென்றல் மேனியை வருடும், மலர்கள் இதழ் விரிக்கும். ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் அரசாங்கம் கைவிட்டுவிட்டது. அந்தத் தேர்வின் கட்டுரைத் தாளுக்காக மனப்பாடம் செய்த வரிகள் மட்டும் நம்மை விடுவதாக இல்லை. ஞாயிறு பதிப்புச் சிறுகதைகளிலும் போட்டிக் கதைகளிலும், ஏன், நன்றாக எழுதத் தெரிந்தவர்களின் முதல் பத்தியிலும்கூட அவன் உதித்துக்கொண்டேதான் இருக்கிறான்.

வரிகள் பழசாகிவிட்டன என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் இங்கே சூரியன் தலைகாட்டக் காலை ஏழு, ஏழேகால் ஆகிவிடும். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே வேன் ஏறிவிட்டார்கள். பால்மரம் வெட்டப் போனவர் பல நிரைகளைத் தாண்டிவிட்டார். இரவு ஷிஃப்ட் முடித்தவர் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கிறார். நம் ஊரில் கதிரவன் யாரையும் எழுப்புவதில்லை. எல்லோரும் எழுந்து வேலையைத் தொடங்கிய பிறகு சாவகாசமாக வருகிறான். இந்த ஒரு விவரம் கதைக்குள் வந்திருந்தால் அந்த விடியல் நம் ஊர் விடியலாக இருந்திருக்கும். மனப்பாட வரியில் விடிவது எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது.

கதை எழுதுகிறவர்கள் கூடும் இடங்களிலெல்லாம், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும் பினாங்கில் நடக்கும் பட்டறையானாலும், ஒரு கேள்வி தவறாமல் எழும்: வருணனை எவ்வளவு இருக்கலாம்? பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். ஒரு கட்சி அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயைக் கொண்டுவரும். 1932-இல் அவர் எழுதியது: கடலில் மிதக்கும் பனிப்பாறையின் நகர்வுக்குக் கம்பீரம் வருவது எட்டில் ஒரு பங்கு மட்டுமே நீருக்கு மேல் தெரிவதால். இன்னொரு கட்சி ரஷ்யப் பெருநாவல்களைக் கொண்டுவரும். இரண்டு கட்சிக்கும் கைவசம் நல்ல உதாரணங்கள் இருப்பதால் தேநீர் ஆறும்வரை பேசலாம், முடிவு வராது. வராததற்குக் காரணம் கேள்வி அளவைப் பற்றியதாக இருப்பதுதான். ஒரு விவரம் அதிகமா குறைவா என்பதை அதன் நீளம் முடிவு செய்வதில்லை. கதைக்குள் அதை யார் பார்க்கிறார், அந்த நேரத்தில் அவருக்கு என்ன தேவை, வாசகருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

சொற்களால் படம் வரைய முடியாது என்பதிலிருந்து தொடங்கலாம். ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766-இல் வெளியிட்ட ‘லாவோகோவன்’ நூலில் இதைத்தான் வாதிட்டார். ஓவியம் இடத்தில் பரவுவது. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும். கவிதை காலத்தில் நகர்வது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்லும். பத்தாவது பொருளைச் சொல்லும்போது முதல் பொருள் நினைவிலிருந்து நழுவியிருக்கும். லெஸ்ஸிங் எடுத்துக்காட்டுவது கிரேக்கக் கவி ஹோமரை. அக்கிலீஸின் கேடயம் எப்படி இருந்தது என்று ஹோமர் பட்டியல் போடவில்லை. கொல்லுத் தெய்வம் உலைக்களத்தில் அதை அடித்து அடித்துச் செய்வதைச் சொல்கிறார். கேடயம் நம் கண்முன் உருவாகிறது. பொருள் ஒரு செயலாக மாறிவிடுகிறது. நம் கதைகளில் வரும் அறை வருணனைகள் பலவும் இதற்கு நேர் எதிர். வீடு மாறும்போது லாரியிலிருந்து இறக்கி வாசலில் வைத்த சாமான்களைப் போல எல்லாம் இருக்கும், எதுவும் அதனதன் இடத்தில் இருக்காது.

வாசகரின் மனக்கண் என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 1880-இல் பிரான்சிஸ் கால்டன் பலரிடம் அன்றைய காலை உணவு மேசையை மனத்தில் கொண்டுவந்து பார்க்கச் சொல்லிக் கேட்டார். சிலருக்கு நிறங்களோடு பளிச்சென்று தெரிந்தது. சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மனத்தில் படமே எழாத இந்த நிலைக்கு ‘அஃபாண்டேசியா’ என்று பெயர் கிடைத்தது 2015-இல்தான், நரம்பியலாளர் ஆடம் ஜீமன் குழுவினரின் கட்டுரையில். அப்படிப்பட்டவர்களும் நாவல் படிக்கிறார்கள், ரசிக்கிறார்கள். கண்ணுக்கு மட்டுமே எழுதப்பட்ட ஒரு பக்க வருணனை அவர்களிடம் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்? விவரம் எதையோ குறித்தால், யாருடைய மனநிலையையோ திறந்தால், அது படம் எழாத மனத்திலும் வேலை செய்யும்.

இதைத் தமிழில் மிகக் குறைந்த இடத்தில் செய்துகாட்டியவர் கபிலர். குறுந்தொகை 25:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவனே சொல் மாறினால் நான் என்ன செய்வேன். ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். எந்த ஆறு, எந்த மரத்தடி, என்ன பொழுது, அவன் எப்படி இருந்தான், எதுவும் இல்லை. ஐந்து வரியில் ஏறக்குறைய இரண்டு வரியைக் கபிலர் ஒரு பறவைக்குக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பறவையிலும் அலகு இல்லை, இறகு இல்லை. கால் இருக்கிறது, பார்வை இருக்கிறது.

ஏன் கால்? அவள் தலை குனிந்திருந்தாள், அந்த உயரத்தில்தான் அவள் கண் இருந்தது என்பது என் வாசிப்பு. அவளுடைய நாணத்தைக் கவிஞர் சொல்லவில்லை. பறவையின் காலைச் சொல்லிவிட்டார். ஏன் பார்வை? அந்தக் குருகு ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி. நாளை அவன் மறுத்தால் கேட்க ஆள் இல்லை என்ற அவளுடைய பயம் முழுவதும் அந்தப் பறவையின் கவனத்தில் இருக்கிறது. போதாதற்கு, இரைக்காக அசையாமல் காத்திருக்கும் அந்தக் குருகில் அவனுடைய சாயலும் விழுகிறது. ஒரே விவரம் மூன்று வேலை செய்கிறது. இந்தப் பாட்டைப் பார்த்து வருணனை குறைவு என்றும் சொல்லலாம், அதிகம் என்றும் சொல்லலாம். மொத்தப் பாட்டில் பறவைக்குப் போன பங்கைக் கணக்கிட்டால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையில் சுழிக்க வேண்டிய அளவு அது.

கபிலர் இவ்வளவு சிக்கனமாக இருக்க முடிந்ததற்கு வெளியே ஒரு காரணமும் உண்டு. முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள உயிர்களும் பொருள்களும்), உரி (அதற்குரிய ஒழுக்கம்) என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்லும் ஏற்பாடு கவிஞருக்கும் கேட்பவருக்கும் பொதுச் சொத்து. தினை என்றதும் மலை வந்துவிடும்; மலை என்றதும் களவும் கூடலும் வந்துவிடும். பின்னணியை மரபு கொடுத்துவிடுவதால் கவிஞர் தன் சொற்களையெல்லாம் அந்த ஒரு காலுக்கும் ஒரு பார்வைக்கும் செலவழிக்க முடிந்தது. வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் இருப்பைப் பொறுத்துத்தான் எழுத்தாளர் தர வேண்டிய அளவு மாறுகிறது. இந்த விஷயம் மலேசியாவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தனித் தலைவலி. அதைப் பிறகு பார்க்கலாம்.

நீளமான வருணனைக்கும் தமிழில் சட்டமே இருந்தது. பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, வளநகர், பருவம், இருசுடர்த் தோற்றம் என்று இவையெல்லாம் வர வேண்டும் என்று தண்டியலங்காரம் பட்டியல் தருகிறது. நம் கதிரவனுக்கு அரசாங்க முத்திரை கிடைத்த இடம் இதுதான் போலிருக்கிறது. கம்பரும் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என்று சரயு நதியும் கோசலமும் அயோத்தியும் பாடி முடித்த பிறகே கதைக்கு வருகிறார். அவசரக்காரர்கள் அங்கே பக்கம் தள்ளுவார்கள். ஆனால் அதே கம்பர், மிதிலையில் வில் முறியும் இடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உலகமே காத்திருக்கும் தருணம். வில்லைப் பற்றி அதற்கு முன் எவ்வளவோ சொல்லியாகிவிட்டது. இராமன் அதைக் காலால் மிதித்ததையும் நாணை ஏற்றியதையும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். ‘கையால் எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.’ எடுத்ததைப் பார்த்தார்கள்; அடுத்து அவர்களுக்குக் கிடைத்தது சத்தம். நடுவில் இருந்ததைக் கம்பர் விட்டுவிட்டார், ஏனென்றால் அவையில் இருந்தவர்களும் அதைப் பார்க்கவில்லை. சபையின் கண்ணில் எது பட்டதோ அது மட்டும் பாட்டில் இருக்கிறது. நதிக்குப் பாட்டுப் பாட்டாகச் செலவு செய்யத் தெரிந்தவருக்கு வில்லுக்கு ஒரே வரியில் நிறுத்தவும் தெரிந்திருக்கிறது.

யாருடைய கண் என்பதை இன்றைய கதைக்குக் கொண்டுவருவோம். செந்தூல் அடுக்குமாடியில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு ஒருவன் கடன் கேட்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

“அக்காவின் வீடு பதினான்காவது மாடியில் இருந்தது. வரவேற்பறையில் பழுப்பு நிற சோபா, அதன்மேல் பூப்போட்ட உறை. எதிர்ச் சுவரில் பெரிய தொலைக்காட்சி. பக்கத்தில் முருகன் படம் போட்ட நாட்காட்டி. மூலையில் மீன்தொட்டி. ஜன்னல் வழியே தூரத்தில் இரட்டைக் கோபுரம் தெரிந்தது.”

பொய் ஒன்றும் இல்லை. செந்தூலில் பல வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் கடன் கேட்க வந்தவன் நாட்காட்டியைப் பார்ப்பானா? இன்னொரு விதமாக:

“லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் அவன் பார்த்தது அக்கா வீட்டுக் கம்பிக்கதவின் கீழே கிடந்த மச்சானின் வேலைச் சப்பாத்தை. இந்த வாரம் நைட் ஷிஃப்ட் என்றல்லவா அக்கா சொன்னாள்? லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளும்வரை அங்கேயே நின்றான்.”

சோபா போய்விட்டது, மீன்தொட்டி போய்விட்டது. ஒரு சோடி சப்பாத்து வந்திருக்கிறது. அதில் மச்சானின் வேலை, அக்காளின் நிலை, இவனுடைய கூச்சம், இதற்கு முன்னும் இப்படி வந்திருக்கிறான் என்ற சந்தேகம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. மீன்தொட்டி வரவே கூடாது என்று இல்லை. உள்ளே போய் மச்சானின் எதிரே உட்கார்ந்த பிறகு, முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் மீன்களைப் பார்க்கலாம். அப்போது மீனுக்கு நான்கு வரி கொடுத்தாலும் வாசகர் சலிக்க மாட்டார். அந்த நான்கு வரியும் அவன் வாய் திறக்காமல் இருக்கும் நேரம்.

ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1886 மே மாதம் தன் அண்ணன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதத்தில் நிலவொளியைப் பற்றிச் சொன்ன யோசனை எழுதுகிறவர்களிடையே பிரபலம். நிலவு எப்படி ஒளிர்ந்தது என்று விரிக்க வேண்டாம். ஆலை அணையின் மேல் உடைந்த பாட்டில் கண்ணாடி ஒன்று மின்னியது, நாயின் அல்லது ஓநாயின் கருநிழல் ஒன்று உருண்டு ஓடியது என்று எழுதினால் நிலவு இரவு கிடைத்துவிடும். இந்த யோசனையை நம்மவர்கள் பாதியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சிறிய, துல்லியமான விவரம் வேண்டும் என்ற பாதி பரவிவிட்டது. அதனால் இப்போது கதிரவனுக்குப் பதில் எல்லாக் கதையிலும் உடைந்த பாட்டில் மின்னுகிறது. எந்தத் துல்லியமான விவரமும் போதும் என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு மனப்பாட வரிதான்.

ஆட்களின் தோற்றத்தைச் சொல்வதில் என் கட்சி குறைத்துச் சொல்லும் கட்சி. மாநிறம், ஒடிசலான உடல், கூரிய மூக்கு என்று எழுதினால் வாசகர் அதைப் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். 1915-இல் ‘உருமாற்றம்’ நூலாக வரவிருந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை மட்டும் வரைந்துவிடாதீர்கள், தூரத்தில் இருப்பதுபோல்கூட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினார். கதைக்குள் கால்களும் முதுகு ஓடும் வயிறும் சொல்லப்படுகின்றன. அதே நேரம் அது இன்ன பூச்சி என்று தீர்ந்துவிடாமல் இருக்கிறது. நம் தொடர்கதை வாசகர்களுக்கோ வாராவாரம் ஓவியர் முகம் வரைந்து கொடுத்துவிட்டார். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-இலிருந்து 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும் எழுத்தோடு சேர்ந்தே நினைவில் தங்கினார்கள். தொடர்கதையின் வருணனையை இன்றைய தனி நாவலுக்கு அளவுகோலாக வைப்பது சரிவராது.

மலேசிய எழுத்தாளரின் தனித் தலைவலிக்கு வருகிறேன். அவருக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் ஈப்போவிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கிறார். இன்னொருவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார். பத்துமலையில் 272 படி, 2006-இல் எழுந்த 140 அடி முருகன் சிலை, 2018-இல் படிகளுக்கு அடித்த வண்ணம், இதையெல்லாம் முதல் வாசகருக்குச் சொன்னால் கொட்டாவி விடுவார். சொல்லாமல் விட்டால் இரண்டாமவர் மேலே ஏறவே முடியாமல் கீழே நிற்பார். பலர் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு சொந்தக்காரரைக் கதைக்குள் இறக்கி அவருக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய இந்தச் சித்தப்பாக்கள் எத்தனை கதைகளில் பெட்டியோடு நின்றிருக்கிறார்கள்!

எளிய வழி இருக்கிறது. கடையில் எப்போதும் தே தாரிக் குடிப்பவர் அன்று ‘தே ஓ கோசோங்’ என்கிறார். சர்க்கரையும் பாலும் இல்லாத வெறும் தேநீர். இங்கே உள்ளவர்களுக்கு உடனே புரிந்துவிடும். எதிரே இருப்பவர் கோப்பையை வைத்துவிட்டு,

“எப்போலேருந்துண்ணே?”

“போன மாசம் கிளினிக்ல பார்த்தாங்க. பதினஞ்சு புள்ளி சொச்சம்.”

“இனிப்புநீரு எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. கால்ல மட்டும் புண்ணு வராம பாத்துக்குங்க.”

சென்னை வாசகருக்கு அந்த ஆர்டரின் பொருள் கிடைத்துவிட்டது. அவருக்காக யாரும் நிறுத்தி விளக்கவில்லை. ஈப்போ வாசகருக்கும் இந்த உரையாடல் வீண் இல்லை, ஏனென்றால் பேச்சு சர்க்கரை நோயைக் காட்டிலும் அந்த இரண்டு பேரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. வாசகருக்குத் தேவைப்படும் தகவல் பாத்திரத்துக்கும் தேவைப்படும் தருணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடிக்குறிப்பு தேவையில்லை.

கொஞ்சம் புரியாமல் போனாலும் குடி முழுகிவிடாது. ப. சிங்காரம் இளைஞராக மெடானில் வேலை பார்த்தவர். தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்ட அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் நூலாக வந்தது. மெடான், பினாங்குத் தெருக்களையும் அங்கே புழங்கிய பல மொழிப் பேச்சையும் அது தயங்கித் தயங்கி விளக்கிக்கொண்டு போவதில்லை. தமிழ்நாட்டை விட்டு வெளியே கால் வைக்காத வாசகர்களும் அதைக் கொண்டாடித்தான் வருகிறார்கள். அந்தத் தெருக்களில் நடப்பவனுக்கு அவை பழகிய தெருக்கள். வாசகர் அவன் பின்னாலேயே கொஞ்சம் மூச்சு வாங்க ஓடுகிறார். ஓட்டத்திலேயே ஊர் பிடிபடுகிறது.

இங்கே சிறுகதைக்குப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் பழையது. 1950-களின் தொடக்கத்திலேயே ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு நடத்தியது, பிறகு கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து அதே நாளிதழில் பணியாற்றியபோது எழுதுகிறவர்களைக் கூட்டிப் பேசினார். இன்றும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் உத்தி கற்றுத்தருகிறார்கள், நடை கற்றுத்தருகிறார்கள். கதாபாத்திரம் என்ன வேலை பார்க்கிறது, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்வது அரிது. நம் கதைகளில் வருணனை அதிகமா குறைவா என்று என்னைக் கேட்டால், வானத்துக்கு அதிகம், வேலைக்குக் குறைவு என்பேன்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக் கதையில் மழை காதலுக்கோ சோகத்துக்கோ பெய்யும். பால்மரத் தோட்டத்தில் மழை கூலியில் பெய்கிறது. மரத்தை விடியுமுன் வெட்டுவது பால் நன்றாக ஓடும் என்பதற்காக. பட்டையில் சாய்வாகப் போன பழைய வெட்டின் மேல் உளியை வைத்து மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. பால் அந்தச் சாய்வு வழியே இறங்கி, மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்ட வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரத்தின் மேல் பரவி வழிந்து போய்விடும். மங்கில் விழுந்ததையும் மழைத் தண்ணீர் கெடுத்துவிடும். அதனால் இரவில் மழை ஓய்ந்த ஒரு விடியலில், தலைவிளக்கோடு நிற்கும் ஒரு பெண் முதலில் செய்வது மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. அந்த ஈரம் அவளுக்குச் சம்பள விவரம். வெட்டலாமா, காயும்வரை காத்திருப்பதா, இன்று கூலிக்குப் பேர் விழுமா விழாதா, கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லாம் அந்த உள்ளங்கையில் இருக்கிறது. இடுப்பில் கட்டிய டின்னில் புகையும் கொசுவர்த்தியும், பால் வாளிகளோடு தோளை அழுத்தும் காண்டாக் கம்பும் தாமாகவே கதைக்குள் வந்துவிடும். அவற்றுக்கு அழகூட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

தோட்டத்தைப் பற்றியாவது எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய வேலைகளின் கதி இன்னும் மோசம். கையுறைத் தொழிற்சாலை, விமான நிலையச் சரக்குக் கூடம், மழையில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகள், அடுக்குமாடிகளின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் காவலர்கள். நம்மவர்கள் இத்தனை பேர் பார்க்கும் வேலைகள் இவை. கதையில் இவர்கள் வேலையிலிருந்து ‘களைத்துப்போய்’ வீடு திரும்புவதோடு சரி. எதனால் களைத்தார்கள் என்பதில் ஒரு விவரம் இருக்காது. வீடு திரும்பும் வழியில் அந்தி வானம் மட்டும் சிவந்திருக்கும்.

துப்பறியும் கதையில் விவரத்தை ஒளிக்கத்தான் விவரம், அது தனி வித்தை, இங்கே வேண்டாம். வரலாற்றுப் புனைவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இதுவரை சொன்ன கணக்கு அங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. ஜப்பானியர்கள் 1942-43-இல் போட்ட, 415 கிலோமீட்டர் நீளமான சயாம்-பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தப் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் பலர் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள்; பிறகு நூல்கள் எழுதினார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவலாக்கினார்கள். இத்தகைய நாவலில் கஞ்சி எப்படி இருந்தது, கொட்டகை எதனால் வேய்ந்தது, காலராவில் இறந்தவர்களை என்ன செய்தார்கள் என்று வரும் பக்கங்களை, கதை நகரவில்லை என்று வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே நாவல் ஆவணத்தின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வடிவத்தில் அதற்கு ஒரு விலை உண்டு, பக்கங்கள் கனக்கின்றன. அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தோட்டக் கதைகளும் மெல்ல அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. காலையில் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களமும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன ஆயாக்கொட்டகையும் இருந்த இடத்தில் இன்று டோல் சாவடியும் பேரங்காடியும் இருக்கின்றன. இதனால் மேலே சொன்ன இரண்டு வாசகர் கணக்கும் மாறிவிட்டது. காண்டாவையும் மங்கையும் யாருக்கு விளக்குவது என்ற கேள்வியில் ஈப்போ ஒரு பக்கம், சென்னை ஒரு பக்கம் என்று இனிப் பிரிக்க முடியாது. பூச்சோங்கில் ஒரே வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அவை கையில் காய்த்துப்போன சாமான்கள். பக்கத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு, சென்னையில் இருக்கும் எவரையும்போல, கேள்விப்படாத சாமான்கள். அந்த வீட்டுக்குள் போகிற கதை இருவரையும் கணக்கில் வைத்தே எழுதப்பட வேண்டியிருக்கிறது. உளி பிடித்த விதத்தில் ஒரு பிசகு இருந்தாலும் பாட்டி கண்டுபிடித்துவிடுவார், பேத்திக்கோ எதற்காக அந்த உளி என்பதே கதையிலிருந்துதான் தெரிய வேண்டும்.